சிறுநகரத்தில் வாடகை வீடு

தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் கட்டுப்படியாகும் வாடகை வீடுகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதே இல்லை. ஒரு குடும்பம் காலி செய்யப்போகிறது என்பது முதலில் தெருமுனை மளிகைக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் பால் ஊற்றுபவருக்கும்தான் தெரியும். ஆகவே பிடித்த தெருவுக்குப் போய் இவர்களிடம் சொல்லிவைப்பதே முதல் வேலை. தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பது பல ஊர்களில் வழக்கம். வாய்வழிச் சந்தைக்கு ஒரு கசப்பான முகமும் உண்டு. வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க? கவிச்சி சமைப்பீங்களா?" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிடிக்காத பதில் வந்தால், பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் "ஆள் வந்தாச்சு" என்பார்கள்.

இம்மூன்று ஊர்களும் 2019, 2020 ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களாயின. மாற்றலாகி வரும் அரசு ஊழியர்களும் அதே வீடுகளுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். பள்ளி திறப்பையொட்டி மே, ஜூனில் கிராக்கி கூடும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோக அநேகர் தயங்குவதால், பேரம் பேச அவையே ஏற்ற மாதங்கள்.

வாடகை குறைவு என்பதை மின்மீட்டரைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். தமிழக மின்வாரியம் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு. மாடி, கீழ் வீடு இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்த யூனிட் கூடி, அதிகக் கட்டண அடுக்குக்குப் போய்விடும். சப்-மீட்டருக்கு யூனிட் இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொன்னதே கணக்கு. ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கிடைத்த வீடு இப்படியே அதைத் திருப்பி வாங்கிவிடும். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பதும் நல்லது. உப்பாக இருந்தால் கேன் தண்ணீர்ச் செலவு மாதந்தோறும் சேரும்.

அடுத்தது அட்வான்ஸ். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 'வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில்' என்ற வாசகத்தில்தான் ஓட்டை; கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாத அட்வான்ஸும் செல்லும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை ஆணையத்திலும் பதிவாக வேண்டும் என்பது சட்டம்.

மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துக் குடியிருக்கும் ஒத்தி முறையும் புழக்கத்தில் உண்டு. மலிவாகத் தோன்றினாலும் ஆபத்து மிகுந்தது இதுதான். வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தால், கொடுத்த பணத்தை மீட்பது பெரும்பாடு. பணம் கைமாறும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். ஒத்திப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும்.