இல்லம் தேடி வரும் இணையம்

தொலைபேசி நிறுவனங்களின் அதிவேக இணையம் எங்ஙனம் இல்லம் வருகின்றது என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

செப்புக் கம்பியில் மனிதக் குரல் தாழ்ந்த அதிர்வெண்களில் செல்கின்றது. வெறுமனே கிடந்த உயர் அதிர்வெண்களில் இணையத்தைச் செலுத்தியதே டெலிகோம் மலேசியாவின் 'ஸ்ட்ரீமிக்ஸ்' சேவை. ஆயினும், தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட வேகம் குன்றும். சில கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பே கிட்டாது. பட்டணம் பெற்றதைத் தோட்டம் பெறாமைக்கு இஃதொரு காரணமாகும்.

2010-இல் வந்த 'யூனிஃபை' சேவை, கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்துவது. அதற்குத் தொலைவு பெருந்தடையன்று. இழையைப் பதிக்கும் செலவே தடை. தொடக்கத்தில் குறைந்தபட்ச மாதக் கட்டணம் 149 வெள்ளி. 2018-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென 79 வெள்ளித் திட்டம் வந்தது.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையவழி நடந்தன. இணைப்பில்லா வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பே இல்லாமற்போயிற்று.

ஆகவே, கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. இழை வாயிலுக்கு வரவேண்டும். ஒரு வீட்டிற்காக இழை பதிக்க எந்நிறுவனமும் தயங்கும். ஐம்பது வீடுகள் சேர்ந்தால் அச்செலவு ஐம்பதாகப் பகிரப்படும். லயத்தார் அனைவரும் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, தோட்ட நிர்வாகத்தின் இசைவோடு விண்ணப்பிப்போமாக!