அம்மாவின் கணக்கு நோட்டும் ஒரு கத்திரிக்கோலும்

"கருவடிக்குப்பமா? கோயிலுக்கா, சுடுகாட்டுக்கா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த ஊர் என்றதும் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வருமாம்.

"ரெண்டுக்கும் இல்லேப்பா. காகிதம் வெட்டி ஒட்டறதுக்கு" என்றேன்.

திரும்பி ஒரு முறை என் நரைத்த தலையைப் பார்த்தவர், அப்புறம் வாயே திறக்கவில்லை!

விஷயம் அதுதான். கொலாஜ் என்கிற ஒட்டுச் சித்திரத்துக்காக அங்கே ஒரு வீட்டில் பத்து நாள் முகாம். ஓவியர்கள் வீட்டு வேலை, பிழைப்பு எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஓரிடத்தில் தங்கித் தங்கள் வேலையை மட்டும் பார்ப்பதற்கு 'ரெசிடென்ஸி' என்று பெயராம். நான் ஓவியர் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "பத்து நாளைக்கு நீ அடுப்படிப் பக்கமே போக வேண்டாம்" என்று சிநேகிதி சொன்னபோதே பாதி சம்மதம் வந்துவிட்டது. மீதிப் பாதிக்குக் காரணம், என் பெட்டியின் அடியில் இருந்த ஒரு கணக்கு நோட்டு.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. பாத்திரம், நகை, புடவை எல்லாம் அக்காவும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரித்துக்கொண்டோம். இந்த ஒரு நோட்டில்தான் வந்தது வினை. 1974-ம் வருஷத்து வீட்டுக் கணக்கு அது. "அது என் கல்யாண வருஷம்டி, எனக்குத்தான் சேரணும்" என்றாள் அக்கா. "கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கிட்டது நான்" என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்கப்புறம் தீபாவளிக்கு ஒரு போன், பொங்கலுக்கு ஒரு போன், அவ்வளவுதான். 'வீட்டில் இருக்கும் பழைய காகிதம் ஏதாவது கொண்டு வரவும்' என்று முகாமிலிருந்து கடிதம் வந்தபோது, ஒரு வீம்பில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் பையில் வைத்தேன்.

முகாமில் நாங்கள் ஆறு பேர். பொறுப்பாளர் அம்மாள் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "இங்கே யாரும் கோடு போட வேண்டாம். முதல்ல கிழிக்கப் பழகுங்க." முப்பது வருஷம் பிள்ளைகளைக் 'கிழிக்காதே, கிழிக்காதே' என்று அதட்டியவளுக்கு இது எப்படி இருக்கும்!

'கோலே' என்றால் பிரெஞ்சில் ஒட்டுவது. அதிலிருந்து பிறந்த பெயர்தான் கொலாஜ். 1912-ல் பிகாஸோ தன் ஓவியத்தில், பிரம்பு நாற்காலி பின்னலை அச்சடித்த ஒரு துண்டு மெழுகுத்துணியை ஒட்டினார். அதே வருஷம் பிராக்கும் ஓவியத்தில் காகிதம் ஒட்டினார். அங்கிருந்துதான் இந்தக் கலையே தொடங்கியது என்று புத்தகங்கள் சொல்லும். எனக்கு இதில் அவ்வளவு சம்மதமில்லை. செட்டிநாட்டுப் பக்கம் ரவிவர்மா படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டார்கள். அந்த அச்சுப் படங்களில் பெண்கள் நிஜத் துணியை ஒட்டிச் சேலை கட்டினார்கள். சரிகை, ஜிகினா, மணி வைத்து நகை பூட்டினார்கள். அது ஒட்டுச் சித்திரம் இல்லாமல் வேறென்ன? இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மாள், விதவையான பின், எழுபதைத் தாண்டிய வயதில், வண்ணக் காகிதத்தை இதழ் இதழாக வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்தார். கிட்டத்தட்ட ஆயிரம் பூக்கள்! அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிகாஸோவுக்கு அவர் நூறு வருஷத்துக்கும் மேலே மூத்தவர்.

நோய்நொடிக்கும் இந்தக் கலைக்கும் ஏதோ பழைய உறவு இருக்கும் போலிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் நின்று வரைய முடியாமல் போனபோது, சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி கத்திரிக்கோலைக் கையில் எடுத்தார். சாந்திநிகேதனத்து வினோத் பிஹாரி முகர்ஜிக்கு 1957-ல் பார்வையே போயிற்று. அதற்குப் பிறகும் விரலால் தடவித் தடவிக் காகிதம் வெட்டிச் சித்திரங்கள் செய்தார். அவரைப் பற்றி சத்யஜித் ரே 1972-ல் ஒரு படம்கூட எடுத்திருக்கிறார்.

ஆனால் என் மனசில் உட்கார்ந்துகொண்டவர் வங்காளத்து ஷகீலாதான். கொல்கத்தாவில் தெருவோரம் காய்கறி விற்ற ஒரு தாயின் மகள். பி.ஆர். பனேசர் என்ற ஓவியர் அந்தக் குழந்தையிடம் பிரியம் வைத்துப் படிக்க உதவினார். கல்யாணமாகி, பிழைப்புக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்த பெண், அவருடைய ஒட்டுச் சித்திரங்களைப் பார்த்துத் தானும் ஒட்டத் தொடங்கினார். பெயின்ட் இல்லை, பிரஷ் இல்லை. பழைய பத்திரிகைத் தாள்தான். கிழித்த நுனியில் தெரியும் வெள்ளை விளிம்பைக்கூட வெளிச்சமாக மாற்றிவிடுகிறார். காய்கறிக் கூடை, கிராமத்து வீடு, காளி என்று அவர் செய்த படங்களைப் பெரிய காலரிகளில் மாட்டினார்கள். பொறுப்பாளர் அம்மாள் புத்தகத்தில் அவற்றைக் காட்டியபோது, பையும் படமும் ஒரே பசையில் பிறந்தவை என்று நினைத்துக்கொண்டேன்.

பசை என்றதும் ஞாபகம் வருகிறது. கடைப் பசையைவிட நாமே காய்ச்சுவது மேல். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். கஞ்சி போலப் பளபளத்ததும் இறக்கி, ஆறிய பின் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பவர்கள் உண்டு. அது விஷம்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றன்றைக்குத் தீர்த்துவிட்டால் போதும். இன்னொன்று: அட்டையின் முன்பக்கம் மட்டும் ஒட்டினால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிவிட வேண்டும். துணியைப் போலவே காகிதத்துக்கும் நேர், குறுக்கு உண்டு. பசை பட்டதும் குறுக்குவாட்டில்தான் அதிகம் விரியும். தையல் தெரிந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லியே தர வேண்டாம்.

நாலாம் நாள் எங்களை சர்தார் பட்டேல் சாலையில் இருக்கும் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். 1959-ல் தொடங்கியது. பருத்தித் துணியின் வெட்டுத்துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து, உலர்த்திக் காகிதமாக்குகிறார்கள். செய்தித்தாள் ஏன் சீக்கிரம் மஞ்சளாகிறது தெரியுமா? மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பழுத்துவிடும். பருத்திக் காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. யாரோ உடுத்தும் சட்டையின் வெட்டுத்துண்டு இது என்று நினைத்தபடி ஒரு தாளைத் தடவிப் பார்த்தேன்.

நோட்டை மட்டும் நான் தொடவேயில்லை.

"என்ன டீச்சர், நாலு நாளா அதைத் திறக்கறீங்க, மூடறீங்க?" என்றார் பொறுப்பாளர்.

"வெட்ட மனசு வரலேம்மா."

"வெட்ட வேண்டாம். முதல்ல ஒவ்வொரு பக்கமா பாருங்க. எங்கே வெட்டணும்னு பார்க்கிற கண்ணோட பாருங்க."

அன்று சாயங்காலம் சித்தானந்த சுவாமி கோயில் வரை நடந்தேன். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது இங்கே வருவாராம். 'குயில் பாட்டு' பிறந்த மாந்தோப்பும் இந்தப் பக்கம்தான் என்பார்கள். இன்று சுற்றிலும் வீடுகள். கோயில் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

எத்தனை தடவை புரட்டியிருப்பேன்! அன்றுதான் கண்ணில் பட்டது. வைகாசி மாதத்துப் பக்கம். மாப்பிள்ளை வேஷ்டி, சம்பந்தியம்மா புடவை, பெரியவளுக்குக் கூறைப்புடவை என்று வரிசையாக எழுதி, கீழே 'எனக்குப் புடவை' என்று ஒரு வரி. அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சின்னவளுக்குப் பாவாடைத் துணி' என்று எழுதியிருந்தாள் அம்மா. அக்கா கல்யாணத்தில் நான் பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு பந்தலெல்லாம் ஓடியது நினைவிருக்கிறது. அம்மா என்ன கட்டியிருந்தாள் என்று நான் யோசித்ததேயில்லை.

இருட்டுமுன் அக்காவுக்குப் போன் போட்டேன். படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேச்சில்லை.

"பழைய காபிப்பொடிக் கலர் புடவைதாண்டி கட்டியிருந்தா" என்றாள் கடைசியில். "போட்டோவுல இருக்கு. மூலையில நிக்கிறா."

"அக்கா, இந்த நோட்டை நான் வெட்டவா?"

"அடி பாவி! ஜெராக்ஸ் எடுத்து வெட்டுடி!"

எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்! மறுநாளே கடைக்குப் போய் நோட்டு முழுக்க இரண்டு பிரதி எடுத்து வந்தேன். அடுத்த ஐந்து நாளும் நிமிரவில்லை. (நிமிர்ந்தேன். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து விரலை நீட்டி மடக்கி, ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்க்காவிட்டால் பொறுப்பாளர் கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொள்வார்.) அம்மாவின் எழுத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மடிப்பு மடிப்பாக ஒட்டி, ஒரு புடவை செய்யத் தொடங்கினேன். பால் கணக்கு கொசுவமாயிற்று. எண்ணெய்க் கணக்கு முந்தானையாயிற்று. கரைக்கு மட்டும் நிறம் அமையவில்லை. எந்தக் காகிதத்தை வைத்தாலும் ஒட்டாமல் நின்றது.

பத்தாம் நாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள் அக்கா. சொல்லவேயில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். அவள் கல்யாணப் பத்திரிகைகள். மிஞ்சிப்போன ஏழெட்டை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறாள். மஞ்சள் அட்டை, ஓரத்தில் சிவப்பு.

"கரைக்கு இது ஆகுமா பாரு" என்றாள். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே கத்திரிக்கோலை எடுத்து வெட்டினாள். பிறகு பசைக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, இன்னும் உனக்குக் கட்டி தட்டாம மாவு காய்ச்ச வரலையா?"