மின்சாரக் கார்: வீட்டு பிளக்கில் தொடங்கும் பயணம்

மாணவர்களே, மலாக்கா நகரிலோ ஆயர் குரோ பக்கமோ போகும்போது, ஏறக்குறைய சத்தமே இல்லாமல் ஒரு கார் உங்களைக் கடந்து சென்றிருக்கும். பின்னால் பார்த்தால் புகைக்குழாய் இருக்காது. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் இ.மாஸ் 7 என்ற தன் முதல் மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியது. 2025 டிசம்பரில் பெரோடுவாவும் தன் முதல் மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. உள்நாட்டு நிறுவனங்களே இறங்கிவிட்டதால், "நாமும் ஒன்று வாங்கலாமா?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழலாம்.

அப்படி ஒரு பேச்சு வந்தால் நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டாம். அதற்குத் தேவையான அறிவியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சக்தி வேறு, திறன் வேறு

பள்ளியில் நீங்கள் 'தெனாகா' என்று படிப்பது சக்தி. 'குவாசா' என்று படிப்பது திறன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மின்சாரக் கார் புரியாது.

வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பது சக்தி. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது திறன். மின்சாரக் காரின் மின்கலம்தான் தொட்டி. அதன் அளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். மின்சாரக் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பதும் இதே கிலோவாட் மணிதான். அது 36 லட்சம் ஜூலுக்குச் சமம்.

இ.மாஸ் 7 காரின் அடிப்படை வகையில் 49.52 கிலோவாட் மணி மின்கலம் இருக்கிறது. ஒருமுறை முழுதாக ஏற்றினால் 345 கிலோமீட்டர் போகும் என்பது சோதனைக்கூட அளவு. 345ஐ 49.52ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வருகிறது. இந்த 7 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். கட்டுரை முழுக்க இது நமக்கு உதவும்.

இரவில் நிரம்பும் தொட்டி

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் தொட்டி காலியாகும்போது எண்ணெய் நிலையத்திற்குப் போகிறார். மின்சாரக் கார் வைத்திருப்பவரின் பழக்கம் வேறு. கைப்பேசியைப் போல, இரவு மாட்டிவிட்டுக் காலையில் கழற்றுகிறார்.

ஜாசினில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா மலாக்கா நகரில் வேலை செய்கிறார். போக வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 7ஆல் வகுத்தால் 9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

வீட்டிலுள்ள சாதாரண மூன்று முனை பிளக்கில் மாட்டும் மின்னேற்றி பொதுவாக 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2,300 வாட், அதாவது 2.3 கிலோவாட். இரவு 10 மணிநேரம் மாட்டி வைத்தால் மீட்டரில் 23 யூனிட் ஓடும். வழியில் கொஞ்சம் வெப்பமாக வீணாகி, சுமார் 20 யூனிட் மின்கலத்தைச் சேரும். அது 140 கிலோமீட்டருக்குப் போதும். அப்பாவுக்குத் தேவை 60 மட்டுமே. ஆக, தினசரி வேலைக்குப் போய்வர ஒரு சாதாரண பிளக்கே போதுமானது.

ஆனால் அந்த பிளக் எப்படிப்பட்டது என்பதுதான் அடுத்த கேள்வி.

சூடாகும் வயர்

மின்னோட்டம் ஒரு தடையின் வழியே பாயும்போது உண்டாகும் வெப்பத் திறன், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும். பிளக்கில் ஓர் இணைப்பு தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் பாய்ந்தால் 10 பெருக்கல் 10 பெருக்கல் 0.1, அதாவது 10 வாட் வெப்பம். சுவரில் பொருத்தும் பெரிய மின்னேற்றி 32 ஆம்பியர் எடுக்கும். அதே தளர்ந்த இணைப்பில் 102 வாட். மின்னோட்டம் மூன்று மடங்குதான் கூடியது. வெப்பமோ பத்து மடங்கு கூடிவிட்டது. பழைய 100 வாட் குண்டு பல்பை விடிய விடியப் பிளக்குக்குள் எரிய விட்டதுபோல.

நீர் கொதிக்கும் கெட்டிலும் 10 ஆம்பியர் எடுக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். கார் பல மணிநேரம் விடாமல் இழுக்கும். பழைய தோட்ட வீடுகள், பழைய தாமான் வீடுகள் பலவற்றில் வயரிங் போட்ட காலத்தில் விளக்கு, காற்றாடி, தொலைக்காட்சி ஆகியவற்றைத்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள். அங்கே நீட்டிப்பு வயர் இழுத்து, ஜன்னல் வழியாகக் காருக்கு மாட்டுவது பேராபத்து. கார் வாங்கும் முன், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து வயரிங், நில இணைப்பு, மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் ஆகிய மூன்றையும் சோதிக்க வேண்டும்.

சாலையில் என்ன நடக்கிறது?

மின்சாரக் காரில் ஒரு வினோதம் உண்டு. பெட்ரோல் கார் நகர நெரிசலில் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கும். மின்சாரக் காருக்கு இது தலைகீழ்.

ஓட்டுநர் காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடுகிறது. சைக்கிள் டைனமோ போல, சுழலும் சக்கரங்களிலிருந்து மின்சாரம் உண்டாக்கி மின்கலத்திற்கே திருப்பி அனுப்புகிறது. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 20 மீட்டரில் போகிறது என்று கொள்வோம். அதன் இயக்கச் சக்தி, அரை பெருக்கல் 1,800 பெருக்கல் 20இன் இருமடி. விடை 3,60,000 ஜூல். சரியாக 0.1 யூனிட்! பெட்ரோல் காரில் இது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் போய்விடும். மின்சாரக் காரில் அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தால்கூட, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் 400 மீட்டர் ஓடுவதற்கான சக்தி மிச்சம்.

நெடுஞ்சாலையில் பிரேக் போட வேலையில்லை. அங்கே எதிரி காற்று. காற்றுத்தடை வேகத்தின் இருமடியாகக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் வேகம் 22 விழுக்காடு கூடுகிறது. காற்றுத்தடையோ ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுகிறது. அதனால்தான் 345 என்ற எண் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நிற்பதில்லை.

மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்ப சுமார் 290 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவானால் 52 யூனிட் தேவை. மின்கலத்தில் இருப்பது 49.5. ஆக, வழியில் ஒருமுறை நின்று மின்னேற்றியாக வேண்டும். விடுமுறைக் காலத்தில் அங்கே வரிசையும் இருக்கலாம்.

கடைசி 20 விழுக்காடு ஏன் மெதுவாக ஏறுகிறது?

விரைவு மின்னேற்றியில் மாட்டினால் 80 விழுக்காடு வரை மளமளவென்று ஏறும். அதற்குமேல் ஆமை வேகம். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்தன்று அன்னதானப் பந்திக்குப் போயிருக்கிறீர்களா? முதலில் நுழைபவர்கள் சட்டென்று அமர்ந்துவிடுவார்கள். இடம் நிறைய நிறைய, காலி இடத்தைத் தேடித் தேடித்தான் உட்கார வேண்டும். மின்கலத்துக்குள் லித்தியம் அயனிகளின் நிலையும் அதுதான். நெருக்கித் தள்ளினால் மின்கலம் கெடும். ஆகவே காரில் உள்ள கணினியே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இதனால்தான் பயணத்தில் 80 விழுக்காட்டோடு கழற்றிவிட்டுப் புறப்படுவது புத்திசாலித்தனம்.

காசுக் கணக்கு

இப்போது அம்மாவிடம் காட்ட வேண்டிய கணக்குக்கு வருவோம். மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 16 யூனிட் ஓடும் என்று கொள்வோம்.

2025 ஜூலையில் நடப்புக்கு வந்த தெனாகா நேஷனல் கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு அடிப்படைக் கட்டணங்கள் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். 16 யூனிட்டுக்கு 7 ரிங்கிட் 11 சென்.

100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காருக்கு, பூடி 95 திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலையில், 13 ரிங்கிட் 93 சென்.

வெளியே உள்ள விரைவு மின்னேற்றியில் யூனிட் 1 ரிங்கிட் 40 சென் என்று வைத்துக்கொண்டால், 15 யூனிட்டுக்கு 21 ரிங்கிட்.

இந்த மூன்று எண்களையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். வீட்டில் மின்னேற்றினால் பெட்ரோலில் பாதிச் செலவு. வெளியே மட்டுமே மின்னேற்றினால் பெட்ரோலைவிடவும் செலவு அதிகம்! ஒரே கார்தான், எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் வித்தியாசம். கார் நிறுத்துமிடத்தில் பிளக் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு மின்சாரக் கார் ஏன் கடினம் என்பது இதில் தெரிகிறது.

ஜாசின் குடும்பம் மாதம் 25 நாள், 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டு மின்சாரத்துக்குச் சுமார் 107 ரிங்கிட், பெட்ரோலுக்குச் சுமார் 209 ரிங்கிட். மாதம் 102 ரிங்கிட் மிச்சம். ஒன்பது ஆண்டுக் கார் கடனை எடுத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 11,000 ரிங்கிட். மின்சாரக் கார் விலை, அதே அளவு பெட்ரோல் காரைவிட 11,000 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால், எரிபொருள் மிச்சம் மட்டும் அதை ஈடுகட்டாது. எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவு இல்லை என்பது ஒரு பக்கம். கூடுதல் எடையால் டயர் சீக்கிரம் தேயும் என்பது மறுபக்கம். மின்சார உபயோகம் கூடும்போது, குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடைக்கும் கட்டணக் கழிவு சுருங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

புகை எங்கே போனது?

காரில் புகை இல்லை என்றால் உலகில் புகை இல்லை என்று பொருளாகாது. நம் மாநிலத்தில் அலோர் காஜா மாவட்டத்தின் கோல சுங்கை பாருவில் 2,242 மெகாவாட் திறனுள்ள எட்ரா மின்நிலையம் இருக்கிறது. அது இயற்கை எரிவாயுவை எரித்து ஒரு சுழலியைச் சுழற்றுகிறது. வெளியேறும் சூட்டைக் கொண்டே நீராவி உண்டாக்கி இன்னொரு சுழலியையும் சுழற்றுகிறது. அதனால் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ 60 விழுக்காடு மின்சாரமாகிறது. பெட்ரோல் எஞ்சினில் சக்கரத்தைச் சேர்வது நாலில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் வருகிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு வரும். 7 லிட்டருக்கு 16 கிலோ. தீபகற்பத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். 16 யூனிட்டுக்குச் சுமார் 12 கிலோ. நாலில் ஒரு பங்கு குறைவு. நல்லதுதான், ஆனால் பூஜ்ஜியம் அல்ல. கூரைச் சூரியத்தகடு, நீர்மின்சாரம் போன்றவை கூடக்கூட, இன்று வாங்கிய அதே காரின் கணக்கு வருங்காலத்தில் இன்னும் குறையும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கார் ஒரு வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறியுங்கள். 7ஆல் வகுத்து எத்தனை யூனிட் என்று கண்டுபிடியுங்கள்.

2. கடந்த மாத மின்சார ரசீதை எடுங்கள். மேலே கண்ட யூனிட்டை நாலால் பெருக்கி அதனுடன் கூட்டினால் மாத உபயோகம் எவ்வளவு ஆகும்?

3. கார் நிறுத்தும் இடத்துக்கும் மிக அருகில் உள்ள பிளக்குக்கும் இடையே எத்தனை மீட்டர்? அந்த வயரிங் எத்தனை ஆண்டு பழையது?

மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். வாங்குவதும் வாங்காததும் பெரியவர்கள் முடிவு. ஆனால் அந்த முடிவு விளம்பரத்தைப் பார்த்து எடுக்கப்படாமல், உங்கள் கணக்கைப் பார்த்து எடுக்கப்படட்டும்.