குளத்திலும் தங்கம், ஏரியிலும் தங்கம்

லண்டன் ஹைட் பூங்காவில் உள்ள செர்பன்டைன் ஏரி. 2012 ஆகஸ்ட் 10 அன்று ஒலிம்பிக் 10 கிலோமீட்டர் நீச்சலுக்காக 25 வீரர்கள் அதில் ஒரே நேரத்தில் குதித்தார்கள். மொத்தம் ஆறு சுற்று. தொடக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நீந்திய துனீசியாவின் உஸாமா மெல்லூலி, பிற்பாதியில் வேகத்தைக் கூட்டி முன்னால் போனார். ஜெர்மனியின் தாமஸ் லுர்ஸ் துரத்தியும் எட்ட முடியவில்லை. 1 மணி 49 நிமிடம் 55.1 விநாடியில் மெல்லூலிக்குத் தங்கம், 3.4 விநாடி பின்தங்கிய லுர்ஸுக்கு வெள்ளி.

ஆறு நாளுக்கு முன்புதான் அதே ஒலிம்பிக்கின் நீச்சல் குளத்தில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவர் வெண்கலம் வாங்கியிருந்தார்.

இரண்டும் நீச்சல்தானே என்று தோன்றும். ஆனால் குளத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை, அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடு, ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை உதைத்துத் திரும்பச் சுவர் எல்லாம் உண்டு. ஏரியிலும் கடலிலும் இவை எதுவும் கிடையாது. அவ்வப்போது தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வருபவரின் முழங்கை முகத்தில் இடிக்கும். முன்னால் போகிறவரின் கால் கண்ணாடியைத் தட்டிவிடும். ஆனாலும் அவரை ஒட்டியே நீந்தினால்தான் உடம்பின் சக்தி மிச்சமாகும்.

குடிப்பதுகூட ஒரு கலை. மேடையில் நிற்கும் பயிற்சியாளர், நாட்டுக் கொடி கட்டிய நீண்ட கம்பின் நுனியில் பானத்தை வைத்து நீட்டுவார். வீரர் அதைப் பறித்து, மல்லாந்தபடியே சில மடக்கு குடித்துவிட்டு மறுபடி குப்புறப் புரண்டு நீந்துவார். அங்கே தடுமாறினால் கூட்டம் விட்டுவிட்டுப் போய்விடும். குளத்திலேயே வளர்ந்த ஒருவர் 28 வயதில் இந்த வித்தையைக் கற்று உலகின் சிறந்த நெடுந்தூர நீச்சல்காரர்களை வென்றார் என்பதுதான் பெரிய விஷயம்.

1984இல் துனிஸில் பிறந்தவர் மெல்லூலி. சிறுவயதிலேயே பயிற்சிக்காக பிரான்சுக்குப் போனார். பிறகு அமெரிக்காவில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 16 வயதில் சிட்னி ஒலிம்பிக். நான்கு ஆண்டு கழித்து ஏதென்ஸில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஐந்தாமிடம்.

2006 இறுதியில் பெரிய சறுக்கல். ஊக்கமருந்துச் சோதனையில் ஆம்ஃபெட்டமின் இருப்பது தெரிந்தது. பல்கலைக்கழகக் கட்டுரையை எழுதி முடிப்பதற்காக அந்தப் பொருள் கலந்த அடெரால் மாத்திரை சாப்பிட்டதாக அவர் விளக்கினார். காரணம் எதுவானாலும் தடைசெய்யப்பட்ட பொருள் தடைசெய்யப்பட்டதுதான். 18 மாதத் தடை விழுந்தது; 2007 மெல்பர்ன் உலகப் போட்டியில் வென்ற 800 மீட்டர் தங்கமும் பறிபோனது. அந்தத் தண்டனை சரியானதே. தண்டனையை முழுமையாக அனுபவித்துவிட்டு வந்தவருக்கு மறுபடி நீந்தும் உரிமை உண்டு என்பதும் அதே அளவு சரி.

தடை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் பெய்ஜிங் ஒலிம்பிக். 1500 மீட்டரில் தொடர்ந்து மூன்றாவது தங்கத்தைக் குறிவைத்திருந்தார் ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹாக்கெட். மெல்லூலி 14 நிமிடம் 40.84 விநாடியில் முடித்தார், ஹாக்கெட் 0.69 விநாடி தாமதம். 1968இல் ஓட்டவீரர் முகமது கம்மூதி வென்றதற்குப் பிறகு துனீசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் இதுதான். அடுத்த ஆண்டு ரோமில் அதே தூரத்தில் உலகச் சாம்பியன் பட்டமும், 2013இல் பார்சிலோனாவில் 5 கிலோமீட்டர் திறந்த நீர்நிலை நீச்சல் தங்கமும் சேர்ந்தன. 2021இல், 37 வயதில், டோக்கியோவில் ஆறாவது ஒலிம்பிக்கிலும் நீந்தினார், பதக்கம் கிடைக்கவில்லை.

இரண்டு வகை நீச்சலிலும் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் வேறு சிலரும் உண்டு. இத்தாலியின் கிரெகோரியோ பால்ட்ரினியேரி 2016இல் ஒலிம்பிக் 1500 மீட்டர் தங்கம் வென்றவர். திறந்த நீர்நிலையில் டோக்கியோ வெண்கலத்தோடு நின்றார். டோக்கியோவில் 10 கிலோமீட்டர் தங்கம் வென்ற ஜெர்மனியின் ஃப்ளோரியன் வெல்ப்ராக்குக்குக் குளத்தில் கிடைத்தது வெண்கலம். குளத்துத் தங்கம், 10 கிலோமீட்டர் தங்கம் என ஒலிம்பிக்கின் இரண்டு தங்கமும் பாரிஸ் போட்டி முடிந்த பிறகும் மெல்லூலி ஒருவரிடம் மட்டுமே இருக்கின்றன.