கருப்பை உள்நோக்குப் பரிசோதனை: தாய்மார் அறிய வேண்டியவை

மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், நாம் அறிந்த அம்மையார் ஒருவருக்கு மீண்டும் உதிரம் கண்டது. எட்டு மாதம் அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். மகளிடம் சொல்ல வெட்கம். கணவரிடம் சொல்லத் தயக்கம். இறுதியில் மரியாயின் சேனைத் தோழி ஒருவர் வற்புறுத்தவே மருத்துவரிடம் சென்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் "ஹிஸ்டரோஸ்கோப்பி செய்ய வேண்டும்" என்றதும், கருப்பையையே எடுத்துவிடப் போகிறார்கள் என்றெண்ணி, தேதியும் கேளாமல் வீடு திரும்பினார்.

இவரைப் போன்றோர் நம் பங்குகளில் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதாலேயே இதுபற்றி எழுதத் துணிந்தோம். கருப்பையை அகற்றும் அறுவைக்கு ஹிஸ்டரெக்டமி என்று பெயர். ஹிஸ்டரோஸ்கோப்பி என்பதோ கருப்பையின் உட்புறத்தைக் கருவிகொண்டு பார்ப்பது. வயிற்றில் கீறலும் இல்லை, தையலும் இல்லை.

இது புத்தம்புதிய முறையும் அன்று. 1869-ஆம் ஆண்டிலேயே பந்தலெயோனி என்னும் மருத்துவர், உதிரப்போக்கு நிற்காது வருந்திய 60 வயதுப் பெண் ஒருவரின் கருப்பையைக் குழாய் வழியே நோக்கி, உள்ளே சதை வளர்ச்சி ஒன்றைக் கண்டு அதற்கு மருந்திட்டார். இன்றைய கருவி பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. ஒளியும் காமிராவும் இணைந்த அக்குழாயைக் கருப்பை வாய் வழியே மெல்லச் செலுத்துவர். ஒட்டியிருக்கும் உட்சுவர்கள் விரிந்து கண்ணுக்குத் தெரியும்பொருட்டு உப்புநீரைப் பாய்ச்சுவர். அந்த நீர் வெளியே வழிவது இயல்பே, அதற்காக நாணவேண்டியதில்லை.

பார்ப்பதற்கு மட்டுமெனில் பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். சதை வளர்ச்சியையோ நார்க்கட்டியையோ அகற்றுவதாயின் கூடுதல் நேரமாகும். வலியே இராது என்று நாம் பொய் சொல்லமாட்டோம். மாதவிலக்கு நாள் வலி போன்ற இழுப்பு பலருக்கு உண்டு. சிலருக்கு அது கடுமையாகவும் இருக்கும். ஒரு சிலருக்குத் தலைசுற்றும். முன்னதாக வலி மாத்திரை உண்ணலாமா, மரத்துப்போகும் ஊசி உண்டா, முழு மயக்கம் தருவார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. தாங்கவில்லையெனில் "நிறுத்துங்கள்" என்று இடையிலேயே சொல்லலாம். முழு மயக்கமாயின் வெறும் வயிற்றோடு செல்லவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். மாதவிலக்கு உள்ளவர்களுக்கு உதிரம் நின்றபின் வரும் சில நாட்களே ஏற்றவை. கருவுற்றவர்களுக்கு இதைச் செய்வதில்லை. ஐயமிருந்தால் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

உட்சுவரில் சிறிது சுரண்டி ஆய்வுக்கு அனுப்புவர் என்று கேட்டவுடன் சில தாய்மாரின் மனச்சான்று கலங்குகிறது. கருக்கலைப்பையும் ஊரார் இதே சொல்லால் குறிப்பதே காரணம். இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடல் நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை விலக்கவில்லை என்பதை 1968-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தம் 'ஹுமானே வித்தே' மடலின் 15-ஆம் எண்ணில் தெளிவாகக் கூறியுள்ளார். அண்டை வீட்டாரின் வம்புப் பேச்சுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே நமக்குக் கவலை தருகிறது. மாதவிலக்கு நின்றபின் உதிரம் காணும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்று இருக்கக்கூடும். மற்றையோருக்குக் காரணம் பெரும்பாலும் தீங்கற்றதே. ஆனால் அந்த ஒருவர் யாரென்று பாராமல் அறிவதெப்படி?

பரிசோதனைக்குப் பின் சில நாட்கள் சிறிது உதிரமோ நீரோ கசியும். அது நிற்கும்வரை தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது நலம். கணவன்மார் இதைக் கேட்காமலே உணரவேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், பெருகும் உதிரம், தணியாத வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கருப்பையில் துளை விழுதல், கிருமி தொற்றுதல் ஆகியன அரிது எனினும் அறவே இல்லாதவை அல்ல.

மேலே சொன்ன அம்மையார் ஒரு மாதம் கழித்து மறுபடி சென்றார். உள்ளே இருந்த சிறு சதை வளர்ச்சியை அப்போதே அகற்றினர். இரண்டாம் வாரம் ஆய்வுச் சீட்டு வந்தது, தீங்கற்றது என்றிருந்தது. அதைப் படித்துச் சொன்னவள் மகள்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்தது அன்றுதானாம்.