கியர் பாக்ஸை மாற்றலாமா?

கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி என்றால் அம்பாசடர் கார்தான். பக்கத்து ஊரான உத்தர்பாடாவில் தயாரித்தார்கள். 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. புதிய வண்டி இனி வராது. ஓடும் வண்டியைத்தான் பழுது பார்க்க வேண்டும்.

கியர் விழவில்லையா? அவசரப்பட்டுக் கியர் பாக்ஸைக் கழற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில் இருக்கும். அதற்குச் செலவு குறைவு. கியர் ஆயில் அளவையும் பாருங்கள். ஆயில் குறைந்தால் பல் சக்கரம் தேயும்.

பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டுமா? பக்கத்தில் நில்லுங்கள். பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பற்கள் பல உடைந்திருந்தால் வேறு பாக்ஸ் வாங்குவதே லாபம். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். மெக்கானிக் கோபித்தால் கோபிக்கட்டும். பணம் நம்முடையது.

பழைய பாகங்கள் மல்லிக் பஜாரில் கிடைக்கும். அங்கே ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள், ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் வேண்டாம். உள்ளே இருக்கும் ஆயிலில் இரும்புத் தூள் மின்னினாலும் வேண்டாம். இசுசு எஞ்சின் வண்டிக்கு ஐந்து கியர் பாக்ஸ். பழைய எஞ்சினுக்கு நான்கு கியர். மாற்றி வாங்கினால் பொருந்தாது.

டாக்சி வைத்திருப்பவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகளைக் கொல்கத்தாவில் நிறுத்தும்படி 2008-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014-ல் வந்த வண்டிக்கும் 2029-ல் 15 வயது முடியும். மீதி நாளில் செலவுப் பணம் திரும்புமா என்று கணக்குப் போட்ட பிறகு மெக்கானிக்கிடம் போங்கள்.