தம் கட்டித் தூக்குவோரின் தலைவலி

கனடா தேசத்து ஹாமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், பளுப் பயிற்சியில் நல்ல தேர்ச்சி பெற்ற ஐந்து இளைஞர்களின் கைத் தமனிக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அவர்கள் தங்கள் முழுப் பலத்தையும் திரட்டிப் பளுவைத் தூக்கும் அந்தக் கணத்திலேயே இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து, அதன் முடிவை 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு 120-க்கு 80 என்று இருப்பதே ஆரோக்கியம் என்று நாமெல்லோரும் கேட்டுப் பழகியிருக்கிறோம்; அதில் இருபது முப்பது கூடினாலே வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். இரண்டு கால்களாலும் பளுவை உந்தித் தள்ளும் லெக் பிரஸ் பயிற்சியில் அந்த ஐவருக்கும் சராசரியாக ஏறிய அளவோ 320-க்கு 250. அவர்களில் ஒருவருக்கு 480-க்கு 350-ஐயும் தாண்டிப் போயிற்று. ஒற்றைக் கையால் எடையை மடக்கித் தூக்கும் எளிய பயிற்சியில்கூட 255-க்கு 190 வரை சென்றது. நம் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் புழங்கிய பாதரசக் கருவியின் அளவுகோல் 300-உடன் முடிந்துவிடுகிறது என்பதை நினைத்தால், அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு இதை அளக்கப் புகுந்திருந்தால் பாதரசம் ஏறி நிற்க இடமே இருந்திராது என்பது விளங்கும்.

இப்படிச் சில விநாடிகள் ஏறி இறங்கும் அழுத்தத்தை நாள்தோறும் தாங்கிக்கொண்டு லட்சக்கணக்கானோர் சௌக்கியமாகவே இருக்கிறார்கள். ஆனால், அவர்களில் சிலருக்குப் பளுவை இறக்கி வைத்ததும் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. சிலருக்குக் கண் இருண்டு, காது அடைத்து, உடம்பு தள்ளாடுகிறது. இரண்டையும் ஒரே சங்கதியாகக் கருதி, ‘வெயிட் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது உடற்பயிற்சிக் கூடங்களில் வழக்கம். உண்மையில் தலைவலி, பெரும்பாலும் அழுத்தம் ஏறுவதோடு சம்பந்தப்பட்டது. தலைசுற்றல், பெரும்பாலும் அழுத்தம் சடாரென்று இறங்குவதால் நேருவது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவான காரணமாக நிற்பது இரும்பின் எடையைக் காட்டிலும் தூக்குகிறவன் அடக்கும் மூச்சுத்தான்.

தாங்க முடியாத பாரத்தை எடுக்கப் போகும் எவனும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, மூச்சை இழுத்துத் தம் கட்டிக்கொள்கிறான். தென்மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் தூக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். குந்தி உட்கார்ந்து, கல்லை இரு கைகளாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோகும் அந்த நேரம் முழுவதும் முகம் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சு உள்ளேயே நிற்கும். தொண்டைக்குள் இருக்கும் குரல்வளை மூடிக்கொள்ள, மார்பும் வயிறும் அழுந்தி, காற்றடைத்த டயர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதுபோல, முதுகெலும்பை முன்னாலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. ஆகவே தம் கட்டுவது ஏதோ மூடப் பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. இடுப்பு ஒடிந்துபோகாமல் இருப்பதற்குத் தேகமே கண்டுபிடித்துக்கொண்ட உபாயம் அது. ‘எப்போதும் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்’ என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் உபதேசம் இலேசான எடைகளுக்குப் பொருந்தும். தன் சக்தியின் எல்லையைத் தொடும் பளுவைத் தூக்குகிறவனுக்கு அது நடைமுறையில் சாத்தியமில்லை.

மூச்சை அடைத்து முக்கும் இச்செயலுக்கு வைத்திய சாஸ்திரத்தில் வால்சால்வா என்பவரின் பெயர் வழங்குகிறது. 1666-இல் பிறந்து 1723-இல் மறைந்த இந்த இத்தாலிய உடற்கூற்று நிபுணர், பளு தூக்குவதைப் பற்றிச் சிந்தித்தவரே அல்லர். 1704-இல் காதைப் பற்றி அவர் எழுதிய கிரந்தத்தில், வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பலமாக மூச்சை வெளியே தள்ளினால் நடுக்காதில் தேங்கிய சீழ் வெளிப்படும் என்று ஒரு சிகிச்சையை விவரித்திருந்தார். விமானம் இறங்கும்போது காதடைப்பை நீக்க நாம் செய்வதும் அதுவே. அந்தக் காது வைத்தியம் பிற்காலத்தில் இருதய வைத்தியர்களுக்கும் நரம்பு வைத்தியர்களுக்கும் ஒரு பரிசோதனை முறையாகி, இன்று பளு மாட்டிய பார்பெல் தண்டின் அடியில் வந்து சேர்ந்திருக்கிறது.

தம் கட்டியவுடன் மார்புக்குள்ளிருக்கும் அழுத்தம் ஏறுகிறது. அது பெருந்தமனியையும் அழுத்துவதால் இரத்த அழுத்தம் எழும்புகிறது. அதே வேளையில் இறுகிச் சுருங்கிய தொடைத் தசைகளும் முதுகுத் தசைகளும் தம்முள் ஓடும் குழாய்களை நசுக்க, இருதயம் அந்தத் தடையை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மறுபக்கம், தலையிலிருந்து கழுத்துச் சிரைகள் வழியாக இறங்கி வர வேண்டிய அசுத்த இரத்தம் மார்பின் வாசலில் தடைப்பட்டுப் பின்வாங்கி, மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. பயிற்சி முடிந்தபின் சிலருக்கு முகத்தில் ஊசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றுவதும், வெள்ளை விழியில் இரத்தம் கட்டிக்கொள்வதும் இதனால்தான். ஆயினும் இயற்கை இதில் ஒரு தயையும் வைத்திருக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தமும் கூடவே ஏறுவதால், மூளைத் தமனியின் சுவரை உள்ளிருந்து தள்ளும் விசைக்கு வெளியிலிருந்து ஒரு முட்டு கிடைத்துவிடுகிறது. 300-ஐத் தாண்டிய அழுத்தத்தில் குழாய்கள் வெடிக்காமல் தப்புவதற்கு இந்த முட்டும் ஒரு காரணம்.

பளு தூக்கும்போதோ தூக்கி முடித்த உடனேயோ எழும் தலைவலியைப் பிரயாசைத் தலைவலி எனலாம். நாடித் துடிப்போடு சேர்ந்து இடிப்பதுபோல் வரும். சில நிமிஷங்களில் தணிந்தாலும் தணியும், இரண்டு நாள் வரை இழுத்தாலும் இழுக்கும். பிரெஞ்சு நரம்பு வைத்தியர் ழூல் தினெல் 1932-லேயே இதைப் பற்றி எழுதினார். பின்னர் 1968-இல், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரூக் என்பவர், ஓடுவது, குனிவது, இருமுவது, முக்குவது ஆகிய பிரயாசைகளால் தலைவலி கண்ட 103 பேரை மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும் கவனித்து வந்து, அவர்களில் பத்துப் பேருக்கு மாத்திரமே மண்டைக்குள் வேறு நோய் இருந்ததைக் கண்டார். ஏனையோருக்குத் தலைவலி அதுவாகவே ஒரு வியாதி. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது எதுவுமில்லை. பெர்லின் நகர வைத்தியர்கள் 2008-இல் இன்னொரு சுவாரஸ்யமான விஷயத்தைத் தெரிவித்தார்கள்: இத்தகைய தலைவலிக்காரர்களிடம், கழுத்துச் சிரையில் இரத்தம் மேல்நோக்கித் திரும்பிவிடாமல் தடுக்கும் வால்வு சரியாக மூடாதிருப்பது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. ஒரே கூடத்தில், ஒரே எடையைத் தூக்கும் இரு நண்பர்களில் ஒருவனுக்கு மட்டும் ஏன் தலை வெடிக்கிறது என்ற கேள்விக்கு இது ஒரு பாதி விடையாவது ஆகும்.

தலைவலி அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்ததென்றும் கொள்ள வேண்டாம். பளுவைச் சுமந்து குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியில் பார் எனப்படும் அந்தத் தண்டைத் தோளின்மேல் வைக்காமல் பிடரியின்மேல் வைத்துக்கொள்வோருக்கும், கடைசி முறை தூக்கும்போது மோவாயை நீட்டிக் கழுத்தை இறுக்குவோருக்கும் பின்மண்டையில் ஆரம்பித்து மந்தமாக வலிப்பது தசையின் வலி. மூச்சைத் திருத்துவதால் அது போகாது, நிற்கும் நிலையைத் திருத்த வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கடும் பயிற்சி அதைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

இனித் தலைசுற்றலுக்கு வருவோம். மூச்சை அடக்கிய முதல் கணத்தில் ஏறிய அழுத்தம், அடக்கம் நீடிக்க நீடிக்கச் சரியத் தொடங்குகிறது. ஏனென்றால் மார்பின் வாசல் அடைபட்டிருப்பதால் இருதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்து, அது வெளியே அனுப்புவதும் குறைந்துபோகிறது. பிறகு பளுவை இறக்கிவிட்டு ‘ஹா’ என்று மூச்சை விட்டதும், இதுவரை அழுந்திக் கிடந்த மார்பின் குழாய்கள் விரிந்து இரத்தத்தைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள, நசுங்கியிருந்த கால் தசைகளின் குழாய்களும் அதே நொடியில் அகலத் திறந்துகொள்ள, அழுத்தம் மலையுச்சியிலிருந்து மடுவுக்கு விழுந்துவிடுகிறது. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, இரத்தம் அறவே நின்றுபோனால் பத்து விநாடிக்குள் நினைவிழக்கும் சுபாவமுடையது. தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பயிற்சியில் இரும்பைத் தரையில் வைத்து நிமிர்ந்த மனிதன், வெற்றிச் சிரிப்பு முகத்திலிருக்கும்போதே பின்புறமாகச் சாய்வது இந்த மடுவில்தான்.

ஒலிம்பிக் முறையில் பளு தூக்குவோருக்கு ஆபத்து இன்னும் சற்று முன்னதாகவே வருகிறது. கர்ணம் மல்லேஸ்வரி 2000-இல் சிட்னியில் வெண்கலம் பெற்றபோதும், வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றபோதும் நாம் பார்த்த கிளீன் அண்டு ஜெர்க் என்னும் முறையில், பாரை முதலில் மார்பளவுக்கு இழுத்து, ஆழக் குந்தி, கழுத்தெலும்பின் மேல் ஏந்திக்கொண்டு எழுந்து நின்று, அங்கிருந்து தலைக்குமேல் ஏற்ற வேண்டும். குந்தி எழுவது, மூச்சை அடக்குவது என்ற இரண்டோடு, பார் தொண்டைப் பக்கம் சறுக்கினால் கழுத்துத் தமனியிலிருக்கும் அழுத்தம் உணரும் நரம்பு முனைகள் நசுங்கி, ‘அழுத்தம் மிகுந்துவிட்டது’ என்ற பொய்ச் செய்தியை மூளைக்கு அனுப்பி, இருதயத்தை மெதுவாக்கிவிடவும் கூடும். 1973-இல் லான்செட் என்ற ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, பளு தூக்குவோர் மயங்கி விழுவதை ஆராய்ந்து, தூக்குவதற்கு முன் அவர்கள் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்வதையும் இக்காரணங்களோடு சேர்த்துக் குறிப்பிட்டது. அவ்வாறு வாங்குவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. தைரியத்துக்காக நாலைந்து முறை ‘புஸ் புஸ்’ என்று ஊதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிதானமாக ஓரிரு மூச்சு இழுத்தால் போதும்.

பெஞ்ச் பிரஸ் செய்வதற்காகப் பலகையில் மல்லாந்து படுத்த மாத்திரத்தில், கையில் ஒரு பளுவும் எடுக்காதபோதே, கூரை சக்கரமாகச் சுழல்கிறது என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. உட்காதில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் போய்விட்டால், தலையைச் சாய்க்கும்போதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ளாக அடங்கும் கிறுகிறுப்பு வரும். காது மூக்கு தொண்டை நிபுணர் தலையைச் சில கோணங்களில் திருப்பிப் படுக்க வைத்தே பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடுவார். அரிதாக, மூச்சை அடக்கி அளவுக்கு மீறி முக்கியதன் விளைவாக உட்காதின் திரவம் கசிந்து, தலைசுற்றலோடு அந்தக் காது மந்தமாகியும் போகலாம். அது தாமதிக்கக் கூடாத விஷயம்.

விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, மின்விசிறி மாத்திரம் சுழலும் தகரக் கொட்டகையில் வியர்வை ஆறாய்ப் பெருகத் தூக்கும் பிள்ளைகள் மயங்குவதற்கு இத்தனை சாஸ்திரமும் வேண்டியதில்லை. தண்ணீரும் உப்பும் குறைந்த உடம்பில் அழுத்தம் எளிதில் சரியும். டப்பாவில் வரும் ஊக்கப் பொடிகளில் காபின் மிகுதியாக இருப்பதால் நாடியும் அழுத்தமும் முன்கூட்டியே ஏறி நிற்கும். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நடுவயதினர் அதை வைத்தியரிடம் சொல்லி அனுமதி பெறாமல் பளுவில் கை வைக்கலாகாது. 180-க்கு 110-ஐத் தாண்டிக் கட்டுப்படாதிருக்கும் அழுத்தமுடையவர்களுக்குப் பளுப் பயிற்சியே கூடாதென்பது இருதய நிபுணர்களின் விதி. கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மிதமான பளு நன்மையே செய்கிறது.

இதுவரை அறியாத தலைவலி ஒன்று முதன்முறையாக, இடி விழுந்தாற்போல் ஒரே நிமிஷத்தில் உச்சத்தைத் தொட்டால், அதைப் பிரயாசைத் தலைவலி என்று தானே பெயரிட்டுக்கொண்டு மாத்திரை விழுங்குவது பெரும் பிழை. மூளைத் தமனியின் வீக்கம் உடைந்து இரத்தம் கசிவதும், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவதும், மூளைக் குழாய்கள் திடீரென்று சுருங்கிக்கொள்வதும் இதே வேஷத்தில்தான் வரும். கழுத்து விறைப்பு, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே வைத்தியர், தாம்பத்திய உறவின்போதும் இதே வலி வருவதுண்டா என்று கேட்டால் சங்கோசப்படாமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தலைவலிகள். வேறு நோய் இல்லையென்று ஸ்கேன் மூலம் தெளிந்தபின், சில வாரங்கள் எடையைக் குறைத்துக்கொண்டு, தூக்கும் எண்ணிக்கையின் இறுதிவரை மூச்சை இழுத்துப் பிடிக்காமல், ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு மூச்சு என்று பழகினால் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கு இண்டோமெத்தசின் என்ற மருந்து உண்டு. வயிற்றைப் புண்ணாக்கக் கூடியதாகையால், வைத்தியர் எழுதிக் கொடுத்தாலன்றி அதைத் தொடக்கூடாது.

கண் இருளத் தொடங்கினால் பளுவை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், முடிந்தால் படுத்துவிட வேண்டும். சமாளித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் அடுத்தவருடைய இரும்பின்மேல் மண்டை மோத விழுகிறார்கள். பார் கழுத்தெலும்பின் மேலிருக்கும்போது அப்படி நேர்ந்தால், அதை முன்பக்கமாக நழுவ விட்டுத் தான் பின்னால் விலகுவதே போட்டி வீரர்களுக்குக் கற்றுத் தரப்படும் முறை. அவர்களுடைய பாரில் மாட்டும் பளு வட்டுகளுக்கு ரப்பர் வார்த்திருப்பதும், மேடை அதற்கேற்பக் கட்டப்பட்டிருப்பதும் இதையும் உத்தேசித்துத்தான். நம் ஊர்க் கூடங்களிலோ, புதிதாகப் பதித்த டைல்ஸ் உடைந்துவிடும் என்ற கவலையில், ‘வெயிட்டைக் கீழே போடாதீர்கள், மீறினால் அபராதம்’ என்ற பலகை நாற்புறமும் தொங்குகிறது. மயக்கம் வருகிறவனுக்கு அந்த விதி செல்லாது என்று அதே பலகையில் இன்னும் ஒரு வரி எழுதி வைப்பதற்குக் கூட உரிமையாளருக்குப் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது.